அழுகை கேட்கும் முக்கு

பஞ்சம் இல்லை, சண்டை இல்லை, மழைக்கும் குறைச்சல் இல்லை. அப்படி ஒரு காலத்துல, முத்தலங்குடிச் சீமையில வாந்திபேதி வந்துச்சாம். காலையில களத்துல நெல்லுத் தூத்தினவன் சாயங்காலம் பாடையில போவானாம். "பேதியில போவான்"னு திட்டுற வாயெல்லாம் அந்த மாசம் மூடிக்கிடுச்சாம்.

சீமையை ஆண்டவர் கொழுந்துராசா. கெட்டவரில்லை, கேளுங்க. அஞ்சு வயசுல அவருக்கே பேதி கண்டு, கண்ணு செருகிக் கிடந்தாராம். பெத்தவ தூக்கிட்டுப் போய்ப் பெரியநாயகி அம்மன் தேருக்கு முன்னால போட்டாளாம். தேர் நகர்ந்துச்சு, பிள்ளை கண்ணு முழிச்சுது. அன்னையிலேருந்து அவருக்கு மருந்தும் அம்மன்தான், மந்திரியும் அம்மன்தான்.

அரண்மனை வைத்தியர் போய் நின்னாராம். "மகாராசா, ஊருக்கு ஊர் ஆள் போறதை நிறுத்துங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

"அம்மா இருக்கையில அடுப்பு எதுக்குவே? பதினெட்டுப்பட்டியும் வரட்டும். வீட்டுக்கு ஒரு கை வடத்துல படட்டும். தேர் ஓடினா நோய் ஓடும்."

ஆனா ஒரு வழக்கம் உண்டு. தேரோடும் தெருவுல பிணம் கிடந்தா அம்மன் புறப்படமாட்டா. ராசாவும் அதுக்குக் கட்டுப்பட்டவர்தான். "தெருவுல சாவு உண்டா?"ன்னு தினமும் மணியக்காரரைக் கேட்பாராம். உண்டுன்னு சொல்லி யாரு தலையைக் குடுக்கிறது? "இல்லை மகாராசா." சொன்ன பொய்யைக் காப்பாத்த அந்த மனுசன் வீடுவீடாப் போனாராம். "கொல்லை வழியாத் தூக்குங்க. கொட்டு கூடாது. அழுதா நாக்கு இருக்காது."

ராசா காதுக்கு அழுகை எட்டலை. "பார்த்தீரா வைத்தியரே, என் தாயி தெருவைக் காத்து நிக்கிறா"ன்னு கண்ணு கலங்கிச் சொன்னாராம்.

அந்தத் தெருவுலதான் ஆவுடையான் இருந்தாரு. தேருக்கு முட்டுக்கட்டை போடுறவரு. சக்கரத்துக்கு அடியில கட்டையைச் செருகித் தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் அவரு கை. ஆயிரம் பேர் இழுத்தாலும் அவரு கட்டையை எடுக்காம தேர் அசையாது.

தேரன்னைக்குக் காலையில அவரு பெண்சாதி வெள்ளத்தாயி கண்ணை மூடிட்டா. மணியக்காரர் ஆள் வாசல்ல வந்து நின்னானாம். "உள்ளேயே கிடக்கட்டும். தேர் நிலைக்கு வந்தப்புறம் பார்த்துக்கிடலாம். கட்டையை எடுத்துட்டு வா." கதவைச் சாத்திட்டு வந்தாராம். என்ன செய்வாரு?

தேர் புறப்பட்டுச்சு. தெற்குமுக்கு வந்துச்சு. திருப்புறதுக்காகக் கட்டையைப் போட்டுட்டு நிமிர்றாரு. எதிரே மக வடிவு நிக்கிறா. மேலப்பட்டியில வாக்கப்பட்டவ. இடுப்புல கைக்குழந்தை.

"அப்பா! அம்மா எங்கே? வருசாவருசம் இந்த முக்குல நின்னு மோரு ஊத்துவாளே?"

"படுத்திருக்கா தாயி."

"தேரன்னைக்கா? சரி, குளத்துல இவளுக்கு ரெண்டு வாய் தண்ணி குடுத்துட்டு வந்து வடம் பிடிக்கேன். சாயங்காலம் ஊருக்குத் திரும்பணும்."

அந்தக் குளத்துத் தண்ணியைத்தான் முந்தாநாள் வெள்ளத்தாயி குடிச்சா. இன்னைக்குக் குடிச்சவங்க பதினெட்டுப்பட்டிக்கும் திரும்புவாங்க.

"கட்டையை எடுவே!"ன்னு கூட்டம் கத்துது. ஆவுடையான் எடுக்கலை. கட்டை மேலேயே உட்கார்ந்துட்டாராம். கொட்டு நின்னுச்சு. ராசா வேர்க்க விறுவிறுக்க வந்தாராம்.

"ஏன்வே உட்கார்ந்திருக்கே?"

"எம் வீட்டுல பிணம் கிடக்கு மகாராசா."

"கள்ளுக் குடிச்சிருக்கான்!"ன்னு பாய்ஞ்சாராம் மணியக்காரர்.

"அம்மன் முன்னால சொல்றே. பிணம் கிடந்தா அழுகை எங்கேவே?"ன்னாராம் ராசா.

"அழுதா நாக்கை அறுப்போம்னு மணியக்காரர் உத்தரவு. பொய்யின்னா சக்கரத்தை எம்மேல ஏத்துங்க."

குளத்துக்குக் கிளம்பின மக, கொட்டு நின்னதும் போகாம அங்கேயே நின்னிருந்தா. அப்போ வடிவுக்கு விளங்கிடுச்சு. "அடி என்னைப் பெத்தவளே!"ன்னு ஒரு குரல் எடுத்தாளாம். நாக்காவது மூக்காவது!

அவ குரல் அடங்கலை, மூணாம் வீட்டுல ஒருத்தி ஆரம்பிச்சா. "எம் புருசன் போயி நாலு நாளாச்சே!" அந்தாண்ட ஒரு கிழவன். "ரெண்டு பேரைக் கொல்லை வழியாத் தூக்கினோமே!" கீழவரிசை அழுதுச்சு, மேலவரிசை அழுதுச்சு. அடக்கி வச்ச அழுகையெல்லாம் தெருவை நிறைச்சுதாம்.

ராசா ஒவ்வொரு வாசலையும் பார்த்தாராம். தேரைப் பார்த்தாராம். "தாயே, நீ காத்தேன்னு நினைச்சேன். இவங்க வாயைப் பொத்தியில்ல வச்சிருந்தாங்க." வடத்துல கிடந்த கைகளை எடுக்கச் சொன்னாராம். வைத்தியர் பக்கம் திரும்பி, "சொல்லுவே, என்ன செய்யணும்?"

குளத்துக்கு முள்வேலி போட்டாங்க. வந்த சனம் திரும்பிப் போய், ஊருக்குள்ள நுழையாம அந்தந்தப் பட்டி எல்லையிலேயே தனிப்பந்தல்ல தங்குச்சு. அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அண்டாவுல தண்ணி காய்ஞ்சுது. முதல் விறகை ராசாவே வச்சாராம், பெரியநாயகி பேரைச் சொல்லித்தான் வச்சாராம். தேர் நாப்பது நாள் அந்த முக்குலயே நின்னுச்சு. ஆவுடையான் எட்டாம் நாள் பெண்சாதி போன வழியே போயிட்டாரு. வடிவு பிழைச்சா, பிள்ளையும் பிழைச்சுது. அந்தப் பிள்ளை வழிதான் நாங்க. கட்டையும் எங்ககிட்டதான் இருக்கு.

இன்னைக்கும் தேர் தெற்குமுக்குக்கு வந்தா நிக்கும். கட்டை போட்டவன் தெருவைப் பார்த்து மூணு தடவை கேட்பான்: "அழுகை உண்டா?" தெரு பதில் சொல்ற வரைக்கும் கட்டையை எடுக்கக் கூடாது. கைக்குழந்தை சிணுங்கினாக்கூடப் ராசா வீட்டு வாரிசு இறங்கி வந்து, என்னன்னு விசாரிச்சுட்டுத்தான் போகணும்.

அந்த முக்குல மட்டும் யாரும் யாரையும் "அழாதே"ன்னு சொல்றதில்லை.