இடது கைப் பேச்சு

– ஆ! அங்கதான் சிஸ்டர், அங்கயேதான். அமுக்காதீங்க.

– இன்னும் அமுக்கவே இல்லண்ணே, சும்மா தொட்டேன். கட்டைவிரலைத் தூக்குங்க. அதுக்கு அடியில, மணிக்கட்டுகிட்ட ஒரு குழி விழுது பாருங்க. அந்தக் குழியிலதானே வலி?

– அதைத்தான் ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்கேன். விழுந்த அன்னைக்கே எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு நல்லா இருக்கு, சுளுக்கா இருக்கும்னு துணிக்கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க.

– இந்த எலும்பு முதல் நாள் படத்துல ஒளிஞ்சுக்கும்ணே. கீறல் கண்ணுக்குத் தெரிய பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். வலி போகலைன்னா மறுபடி வாங்கன்னு சொல்லியிருப்பாங்களே?

– சொன்னாங்க. அதான் வந்திருக்கேன்.

– இந்த ரெண்டு வாரம் கைய சும்மா வெச்சிருந்தீங்களா?

– பெயிண்டர்ங்க நான். கைய சும்மா வெச்சா செவுரு தானா வெள்ளையடிச்சுக்குமா?

– சரியாப் போச்சு! ஏணியிலேர்ந்து விழுந்த கையோட மறுபடி ஏணி ஏறியிருக்கீங்க.

– அன்னைக்கு ஏறுனது ரெண்டே ரெண்டு படி சிஸ்டர். வழுக்குச்சு, கைய ஊனிட்டேன். மூணாவது மாடிச் சாரத்துல நின்னு அடிச்சவன் நான், ஒரு நாள் விழுந்ததில்ல. ரெண்டு படியில விழுந்தேன்னு வெளியில சொல்லவே வெக்கமா இருக்கு.

– வெக்கப்பட்டா எலும்பு சேராது. இந்தாங்க, இன்னைக்கு எடுத்த படம். குட்டியா, படகு மாதிரி ஒண்ணு இருக்கா? அதுக்கு நடுவுல ஒரு கோடு.

– இத்தனூண்டு எலும்புக்கா இத்தனை கலாட்டா?

– இத்தனூண்டுதான், பிடிவாதம் ஜாஸ்தி. மத்த எலும்புக்கெல்லாம் நாலா பக்கமும் ரத்தம் வரும். இதுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்துலேர்ந்துதான். நடுவுல ஒடஞ்சா அந்தாண்டத் துண்டு பட்டினி கெடக்கும். அசையாம வெச்சாத்தான் சேரும். ஆறு வாரம் ஆகலாம், பன்னெண்டு வாரமும் ஆகலாம்.

– பன்னெண்டு வாரமா!

– ஐயோ, கைய ஆட்டாதீங்க, இப்பப் போட்ட மாவுக்கட்டு ஈரமா இருக்கு! நீங்க பேசறப்ப இந்தக் கை சும்மாவே இருக்காதா? வாய் ஒரு பக்கம் பேசுது, கை ஒரு பக்கம் பேசுது.

– பழக்கதோஷம் சிஸ்டர். அக்காகூடப் பேசிப் பேசி அப்படி ஆயிடுச்சு.

– அக்காகூடப் பேசறதுக்குக் கை எதுக்கு?

– அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. பொறந்ததுலேர்ந்தே. எழுதப் படிக்கவும் யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கும் அவளுக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். சின்னதுல நாங்களா ஒரு கைப் பாஷை உண்டாக்கிக்கிட்டோம். டிவியில ஓரமா நின்னு ஒருத்தர் காட்டுவாரே, அது இல்ல. இது எங்க வீட்டுது. உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

– அம்மாவுக்குக்கூடத் தெரியாதா?

– அரைகுறையா தெரியும். அவங்க போய் நாலு வருஷமாச்சு. எனக்கும் கல்யாணம் இல்ல, அவளுக்கும் இல்ல. அவளும் நானும்தான்.

– இப்ப இந்தக் கைய நான் கட்டிட்டா எப்படிப் பேசுவீங்க? இடது கைய வெச்சு ஓட்டிக்குவீங்களா?

– இடது கையில பேசுனா பொய்யாச்சே.

– என்னது?

– நாங்க வெச்ச சட்டம் அது. வலது கை நெசம், இடது கை விளையாட்டு. சோறு வேண்டாம்னு இடது கையில சொன்னா, வேணும்னு அர்த்தம். அம்மாவை ஏமாத்தறதுக்குன்னு ஆரம்பிச்சோம், அப்படியே நின்னு போச்சு. இன்னைக்கும் நான் இடது கையில ‘உடம்பு நல்லா இருக்கு’ன்னா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன்னு சண்டைக்கு வந்துடுவா.

– நல்லாப் போட்டீங்க சட்டம்! சரி, டம்ளரைப் பிடிக்கற மாதிரி விரலை வைங்க. கட்டைவிரல் தனியா நிக்கணும், அதையும் சேத்துத்தான் கட்டணும். கட்டைவிரல் நுனியும் மத்த விரலும் வெளியில இருக்கும்.

– சூடா இருக்கே சிஸ்டர்.

– மாவு இறுகறப்ப அப்படித்தான். கட்டு நனையக் கூடாது. அக்காகிட்ட சொல்லிக் குளிக்கறப்ப ஒரு பையை மாட்டிவிடச் சொல்லுங்க.

– அவ வீட்டுல இல்ல. அவளுக்கு சர்க்கரை, தினம் ஊசி போடணும். நான்தான் போடுவேன். ஒத்தைக் கையால எப்படிப் போடுவேன்னு போன வாரம் தங்கச்சி வந்து அழைச்சுட்டுப் போயிட்டா. ரயில்ல ஒரு பகல் முழுக்கப் போகணும் அவ ஊருக்கு. கை சரியானதும் திரும்பக் கொண்டாந்து விடறேன்னிருக்கா.

*

– ஆறு வாரத்துல கட்டை இவ்வளவு அழுக்காக்கிக் கொண்டாந்த ஆள் நீங்கதாண்ணே. இதையும் தனியா வெள்ளையடிக்கணும் போலிருக்கே.

– பல்லால கடிச்சுப் பையைக் கட்டுறேன் சிஸ்டர், குளிக்க. சட்டைப் பொத்தானும் அப்படித்தான். இதெல்லாம் ரெண்டு கை இருக்கறப்பத் தெரியறதில்ல.

– டாக்டர் என்ன சொன்னார்?

– கோடு இன்னும் போகலையாம். இன்னும் ஆறு வாரம் கட்டு. அப்பவும் சேரலைன்னா ஆபரேஷன் பண்ணி ஸ்க்ரூ வைக்கணுமாம். சத்தியமா ஒரு வேலையும் செய்யல. பீடியக்கூட விட்டுட்டேன், எலும்புக்கு ஆகாதுன்னாரு.

– சேரும்ணே. சோம்பேறி எலும்பு, ஆனா சேரும். அக்கா எப்படி இருக்காங்க?

– தெரியல.

– தெரியலைன்னா?

– தினம் சாயங்காலம் வீடியோ கால் போடறேன். நீங்க கட்டுப் போட்ட அன்னைக்குத்தான் முதல் தடவை போட்டேன். ஓடி வந்து போன் முன்னாடி உக்காந்தா. சிரிச்ச முகம். நான் கையத் தூக்கினேன். ஒரு நிமிஷம் பாத்தா. சிரிப்பு போச்சு. எந்திரிச்சுப் போயிட்டா.

– கட்டைப் பாத்து பயந்துட்டாங்களோ?

– கட்டையே நான் காட்டலையே. சுளுக்குன்னு நெனச்சுட்டுப் போனவ, ஒடஞ்சிருக்குன்னா தூங்க மாட்டா. முழுக்கைச் சட்டையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டு மறைச்சுக்கிட்டுத்தான் பேசறேன். மறுநாளும் அதே கதை. மூணாம் நாள் முகத்தைத் திருப்பிக்கிட்டா. இப்ப தங்கச்சி போனைக் கையில எடுத்தாலே அடுத்த ரூமுக்குப் போயிடறாளாம்.

– தங்கச்சி எடுத்துச் சொல்லக் கூடாதா?

– அவ பன்னெண்டு வயசு சின்னவ. அவளுக்கு சாப்பிடு, தூங்கு, வா, போ – நாலு வார்த்தைதான் தெரியும். ‘அக்கா இங்க ஜாலியா இருக்கா, உன்ன மறந்துட்டா’ன்னு சிரிக்கறா. வேடிக்கையாத்தான் சொல்றா. இருந்தாலும்...

– அட விடுங்கண்ணே.

– நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எங்க வீட்டுல கதவைத் தட்டி பிரயோஜனம் இல்லையா, உள்ள நுழைஞ்சதும் லைட்டை மூணு தடவை போட்டுப் போட்டு அணைப்பேன். நான் வந்துட்டேன்னு அவளுக்குத் தெரியணும்ல. இப்பவும் அதைப் பண்றேன். ஆளே இல்லாத வீட்டுல. நேத்து பண்ணிட்டு, அவ வருவான்னு சமையல்கட்டு வாசலையே பாத்துட்டு நின்னேன். அழுகையா வந்துடுச்சு சிஸ்டர்.

– அக்கம்பக்கத்துல பேச யாருமே இல்லையா?

– இருக்காங்க. கை எப்படி இருக்குன்னு கேப்பாங்க, பரவால்லைம்பேன். முடிஞ்சுது. வாய்ப்பேச்செல்லாம் எனக்குத் தொழிலுக்குத்தான். என்ன கலரு, எத்தனை கோட்டு. மனசுல இருக்கறதை வாயால சொல்லிப் பழக்கமே இல்ல. உங்ககிட்டதான் இவ்வளவு பேசறேன், அதுவும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை.

– சரி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க, உங்க பாஷையில.

– நெசமாவா? என்ன வார்த்தை வேணும்?

– வணக்கம்.

– அது எங்ககிட்ட இல்லையே. ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு எதுக்கு வணக்கம்? ‘போயிட்டு வர்றேன்’ இருக்கு. வாசலைக் காட்டி நெஞ்சைத் தொடணும். வலது கையால.

– இப்படியா?

– அப்படியேதான்! மூணாவது ஆளா சேந்துட்டீங்க சிஸ்டர்.

*

– பயப்படாதீங்க. இந்த ரம்பம் சுத்தாது, அதிரத்தான் செய்யும். மாவை வெட்டும், தோலைத் தொடாது.

– பயமெல்லாம் இல்ல. வெட்டுங்க.

– என்னண்ணே, பன்னெண்டு வாரம் முடிஞ்சுது, எலும்பு சேந்துடுச்சு, ஸ்க்ரூவும் வேண்டாம்னு டாக்டர் எழுதிட்டார். ஆள் ஏன் இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?

– இன்னைக்கு மத்தியானம் அக்காவைக் கொண்டுபோய் இல்லத்துல சேக்கறாங்க. காது கேக்காதவங்களுக்குன்னு அங்க ஒண்ணு இருக்காம். காலையில தங்கச்சி கூப்பிட்டா. ‘அக்காவுக்கு உன் வீட்டுக்கு வர இஷ்டமில்லண்ணா. உன் போட்டோவைக் காட்டி, போறியான்னு கேட்டேன். மாட்டேன்னு தலைய ஆட்டிட்டு போட்டோவைக் குப்புற வெச்சுட்டா. என் வீட்டுலயும் எத்தனை நாள் இடம் இருக்கும்?’ங்கறா.

– நீங்க என்ன சொன்னீங்க?

– அவ இஷ்டம்னேன். அம்பது வருஷமா என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தவ. போதும்னு தோணியிருக்கும். அப்படித்தான் நெனச்சுக்கணும்.

– நெனச்சுக்கிட்டீங்களா?

– இல்ல.

– இதோ, கட்டு வந்துடுச்சு. பாத்து பயந்துடாதீங்க, எல்லாருக்கும் இப்படிச் சூம்பித்தான் இருக்கும். தோலு உரியும், கழுவுனா போயிடும். எங்க, கட்டைவிரலை உள்ள மடக்குங்க பாப்போம்.

– மடங்கலையே.

– மடங்காது. மூணு மாசமா வெறைச்சு நின்ன விரல். வெந்நீர்ல வெச்சு, தினம் கொஞ்சம் கொஞ்சமா மடக்கிப் பழக்கணும். அப்புறம் பந்து அமுக்கற பயிற்சி. ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும். அது வரைக்கும் போறவன் வர்றவனுக்கெல்லாம் கட்டைவிரலைக் காட்டி ‘சரி, சரி’ன்னு சொல்லிட்டுத் திரியுங்க. இந்தக் கட்டுப் போட்டுட்டுப் போற எல்லாரும் அப்படித்தான்.

– எங்க பாஷையில இது சரி இல்ல.

– பின்ன என்ன?

– காய்.

– சின்னப் பசங்க காய் விடுவாங்களே, அதுவா?

– ஆமா. கட்டைவிரலை நீட்டுனா காய். உன்கூடப் பேச மாட்டேன், கிட்ட வராத. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டிக் காட்டுனா பழம், சமாதானம். காய் விட்டவங்கதான் முதல்ல பழம் காட்டணும். அது வரைக்கும் அடுத்தவங்க கிட்டயே வரக் கூடாது. அக்கா சட்டத்தை ஒரு நாள் மீற மாட்டா. அதெல்லாம் ஆச்சு சிஸ்டர் நாப்பது வருஷம்.

– அண்ணே.

– சொல்லுங்க.

– போன்ல அக்காவுக்கு எந்தக் கையத் தூக்கிக் காட்டுனீங்க?

– இந்தக் கையத்தான். இடது கை பொய்யாச்சே.

– சட்டையை இழுத்துவிட்டு, கட்டு தெரியாம.

– ஆமா. கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கிட்டு... ஐயோ. ஐயோ சிஸ்டர்! தினம் சாயங்காலம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காய் விட்டிருக்கேனே! வீட்டை விட்டு அனுப்பிட்டு, கிட்ட வராதன்னு...

– அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். போனை எடுங்க முதல்ல. நான் பிடிச்சுக்கறேன், குடுங்க.

– ஹலோ அண்ணா, இங்க வாசல்ல ஆட்டோ நிக்குது, இப்பப் போய் வீடியோவா?

– தங்கச்சி, ஒரே நிமிஷம். அக்கா முன்னாடி போனை வை.

– அவதான் பாக்க மாட்டாளே அண்ணா. பையை மடியில வெச்சுட்டு ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கா.

– அந்த ரூம் லைட்டை மூணு தடவை போட்டுப் போட்டு அணை.

– பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?

– போடும்மா! கேள்வி கேக்காத!

– சரி சரி... ஒண்ணு... ரெண்டு... மூணு. அண்ணா! திரும்பிட்டா! வாசலைப் பாக்கறா!

– போனைக் காட்டு, போனைக் காட்டு. சிஸ்டர், இந்தப் பாழாப்போன விரல் மடங்கலையே. ரெண்டு விரலைக் காட்டுனா இதுவும் கூடவே நிக்குது. காயும் பழமும் ஒண்ணா சொல்ற மாதிரி இருக்கு.

– இடது கையில காட்டுங்களேன், அவசரத்துக்கு.

– அது பொய்யாயிடும். விளையாடறேன்னு நெனச்சுக்குவா.

– அப்ப நான் மடக்கிப் பிடிக்கறேன். மெதுவாத்தான் பிடிப்பேன், ஆனா வலிக்கும்.

– வலிக்கட்டும்.

– இப்பக் காட்டுங்க.

– பழம்க்கா. இங்க பாரு. பழம். பழம்.

– விரலை இழுக்காதீங்கண்ணே.

– கைய விட்டுடாதீங்க சிஸ்டர். அவ பாக்கறாளா? எனக்குக் கண்ணு கலங்கி ஒண்ணும் தெரியல.

– பாக்கறாங்க. உங்க கையத்தான் பாக்கறாங்க. சூம்பிப் போயிருக்கறதைப் பாக்கறாங்க. வாயைப் பொத்திக்கிட்டாங்க. பையைக் கீழ வெச்சுட்டாங்க... கையத் தூக்கறாங்கண்ணே.

– என்ன சொல்றா?

– அண்ணே...

– சொல்லுங்க சிஸ்டர்.

– கட்டைவிரலை நீட்டறாங்க. காய்தானே அது?

– காய்தான்.

– மனசை விட்டுடாதீங்க. மூணு மாசக் கோபம், ஒரு நிமிஷத்துலயா போகும்? நாம நாளைக்கு மறுபடி...

– கண்ணைத் தொடச்சுட்டு இப்பத்தான் பாக்கறேன். அது இடது கை, சிஸ்டர்.