பூனையிடம் பேசிய பிள்ளை

மடுல்சீமை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பல்கலைக்கழகத்திலிருந்து முதல் லீவுக்கு வீட்டுக்குப் போகிறாள். மற்றவள் பதுளையில் துணிக்கடையில் வேலை செய்யும் அவளுடைய தோழி.

"போன மாசம் முழுக்க நான் மனசு விட்டுப் பேசினது ஒரு பூனைகிட்ட மட்டும்தான்டி" என்றாள் படிக்கிறவள்.

"பூனைகிட்டயா? எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்தா அழுதுருவேன்னு பயம். ஹொஸ்டல்ல தமிழ் பேச ஆளே இல்ல. படிப்ப விட்டுட்டு வந்துரலாம்னு ஒருநாள் பேக்கைக்கூட கட்டிட்டேன். போறேன்னு பூனைகிட்ட சொல்லிட்டிருந்தப்ப, பக்கத்து ரூம் சிங்களப் பிள்ளை கதவத் தட்டுச்சு. 'யாரு வந்திருக்காங்க? நானும் வரட்டுமா? எனக்கும் பேச ஆளில்ல'ன்னு கேட்டுச்சு."

தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா அழுதோம். பொறகு என் உடுப்பெல்லாம் அவளே அல்மாரியில திரும்ப எடுத்து வச்சா. இப்ப சாப்பிடுறது, படிக்கிறது எல்லாம் ஒண்ணாத்தான்."

"என்ன பாஷையில பேசிக்குவீங்க?"

"எனக்கு அரைகுறை சிங்களம், அவளுக்கு அரைகுறை தமிழ். நேத்து அவங்கம்மா போன் பண்ணப்ப, பழக்கத்துல 'ஆமாங்க'ன்னுட்டா. ராங் நம்பர்னு அவங்கம்மா கட் பண்ணிட்டாங்கடி!"