ஒரு தடவைக்கு ஒரு முழம்

யசோதினி மகளுக்கு,

பழைய புரொஜெக்டரில் பின்பக்கத்து ரீல் சுற்றாமல் நின்றுவிட்டால், மோட்டார் எரிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, புது எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சுற்றும். கட்டுகஸ்தோட்டையில் இத்தனை காலம் மோட்டார் வைண்டிங் கடை நடத்தியவன் சொல்கிறேன்.

பெரியம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா, அவருடைய ஞாபகம் அவ்வளவு மோசமாகிவிட்டதா என்று போனில் கேட்டீர்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பவன் நான்தான் என்பதால் என் சொல்லைக் கேட்டு முடிவெடுப்பதாகவும் சொன்னீர்கள். போனில் பதில் சொல்ல வரவில்லை. வரிசையாக எழுதினால்தான் எனக்குச் சரிவரும். பன்வில பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கிவிட்டார்கள்.

உங்கள் பெரியம்மா சுகிர்தா டீச்சர், புரொஜெக்டர் நின்றுவிட்டது என்று என்னை முதலில் கூப்பிட்டது போன வருடம் வெசாக் போயாவுக்கு முந்தின நாள். மாதா மாதம் பௌர்ணமிக்கு வரும் ஒவ்வொரு போயா லீவுக்கும் பகலிலேயே ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு அந்த ஒரே ரீலை அவர் போட்டுப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெரியப்பா இளங்கோ, ஊர் ஊராகச் சுகாதாரப் படம் காட்டும் வேனில் வேலை செய்தவர். கூட இருந்த ஒருவர் பழைய தெல்தெனியக் கடைவீதியில் வைத்து அவரைப் படம் எடுத்திருக்கிறார். கல்யாணமான வருடமே வேன் பள்ளத்தில் விழுந்து அவர் இறந்துபோனார். பிறகு அந்தக் கடைவீதியும் அணைக்கட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. டீச்சரிடம் மிஞ்சியது அந்த ரீலும் புரொஜெக்டரும்தான்.

"மருதண்ணே, இது மோட்டாரா, எங்க ஸ்கூல் பியூனா? உம்முனு சத்தம் மட்டும் போடுது, இடத்த விட்டு அசைய மாட்டேங்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். மனைவி போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சரிசெய்து முடித்ததும், இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பெரியப்பா வெள்ளைத் திரையைக் கட்டிக்கொண்டிருப்பார். திரும்புவார். துண்டால் முகத்தைத் துடைப்பார். நம்மைப் பார்த்துக் கையசைப்பார். சிரித்துக்கொண்டே கிட்ட வருவார். அவ்வளவுதான் படம். நான் சுவரை அதிகம் பார்க்கவில்லை, டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே பதிலுக்குக் கையசைத்தார். என்னை யாரும் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. இதை வருத்தத்தோடு எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அதன் பிறகு போயா தவறாமல் போனேன். எசல போயா அன்று மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"டீச்சர், நீங்களும் தனி, நானும் தனி. மிச்ச நாள ஒரே வீட்டுல கழிச்சா என்ன?"

அவர் கோபிக்கவில்லை. "நான் தனின்னு யாருண்ணே சொன்னது? மாசம் ஒருக்கா அவரு வந்து கையாட்டிட்டுப் போறாரே" என்று சுவரைக் காட்டினார். "இந்த வயசுல மாப்பிள்ள வேஷமா? தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

குடித்தேன். நேர்மையான பதில்தான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் மகள். சில விநாடிப் படத்துக்காக ஒரு பெண் நாற்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். அது ஒரு நோய் என்று எனக்குப் பட்டது. நோயைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குணப்படுத்த வேண்டும்.

பின் ரீல் எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதை அதன் அச்சில் உள்ள ஒரு கம்பளி வட்டு தீர்மானிக்கிறது. அது தளர்ந்தால் ஃபிலிம் தரையில் கொட்டும். இறுகினால் எங்கே பலவீனமோ அங்கே ஃபிலிம் அறும். நான் இறுக்கினேன். பலவீனம் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நானே பார்த்துக்கொண்டேன். தூசி துடைத்துத் தருகிறேன் என்று ரீலைக் கடைக்குக் கொண்டுபோய், ஓரத்துத் துளை ஒன்றில் பிளேடால் லேசாகக் கீறினேன்.

அடுத்த போயாவில் அறுந்தது. டீச்சர் பதறிவிட்டார். வெட்டி ஒட்டலாம், பயப்பட வேண்டாம் என்றேன். ஒட்டுவதற்கு இரண்டு படக் கட்டம் வெட்டினால் போதும். நான் ஒரு முழம் வெட்டினேன். ஒரு முழம் என்றால் சுவரில் இரண்டரை விநாடி. துண்டால் முகம் துடைப்பது போனது. பிந்திய ஒரு போயாவில் அதே மாதிரி அறுந்து, சிரித்துக்கொண்டு கிட்ட வருவது போனது. கடைசியாகக் கை. வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை, இறந்துபோன மனிதர் அல்லவா. கடைக்குப் பின்னால் வைத்து எரித்தேன்.

முதல் தடவையே டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். "மொகந் தொடைப்பாரே, அது எங்க?" அறுந்ததில் கொஞ்சம் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவரும் ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால், வெட்டுப்பட்டுப் போனது என்று தெரிந்தால் ஒருவர் அதை மனதில் வைத்துக்கொள்வார். அதனால் பயன் இல்லை.

"தொடைச்சாரா? நான் பாக்கலையே டீச்சர். ஒட்டுனதுல ஒண்ணும் போகலையே" என்றேன்.

அப்போதுதான் அவர் உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டார். சின்ன வயதில் பார்த்தது, ஞாபகம் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள்மேல் குறை இல்லை. அதன் பிறகு அவர் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணக்கைப் பிழையாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்து வகுப்பையே நிறுத்தினார். நீங்கள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனீர்கள். இல்லாத காட்சிகளைச் சொல்கிறார் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் டாக்டர் மாத்திரை எழுதினார். அந்த நல்ல மனிதருக்கு வேறு என்ன தெரியும்?

போன போயா அன்று படம் முடிந்தும் டீச்சர் ஜன்னல் சீலையை விலக்கவில்லை.

"மருதண்ணே, மொத நாளு நீங்களும் கூட இருந்து பாத்தீங்க. அவரு கையாட்டுனாரா, இல்லையா? நீங்க சொன்னா நான் நம்புறேன்."

உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"இல்ல டீச்சர். உங்க மனசுல தோணுனது" என்றேன்.

புரொஜெக்டரின் விளக்கை அணைத்தார். பிறகு, "அப்ப இத்தன வருஷமா நான் யாரப் பாத்துக் கையாட்டுனேன்?" என்றார். இருட்டில் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானாகப் பிடிக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். பெரியம்மாவின் ஞாபகத்தில் ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் அந்த ஃபிலிமில் இருந்தது. வெட்டியவன் நான். பொய் சொன்னவனும் நான். டாக்டரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்துங்கள். கொழும்புக்குக் கூட்டிப்போகாதீர்கள். நல்ல புத்தியோடு இருப்பவரை இல்லத்தில் சேர்ப்பது பாவம்.

இதை அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இப்போதுதான் மனம் ஆறியிருக்கிறார். காலையில் எழுந்ததும் எனக்குப் போன் எடுத்து இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். நான் சொன்ன பிறகுதான் காலண்டரில் தாளைக் கிழிக்கிறார். இந்த வயதில், கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டாமா மகள்?