ரப்பர் குடித்த மருந்து

விசாரணைக்கு நாற்காலி போட்டிருக்கிறீர்கள், ஐயா, ஆனால் எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நின்றபடியே சொல்கிறேன். ஜன்னல் வரை நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள், ஓடிப்போக மாட்டேன்.

ம்பராரா நகர ஆய்வகத்தில் என் வேலை காசநோய்ச் சோதனைச் சில்லு செய்வது. உள்ளங்கையில் அடங்கும் தகடு. அதற்குள் மயிரிழை அகல வாய்க்கால்கள். நோயாளியின் சளி மாத்திரை மருந்தோடு கலந்து, எண்ணெய்க்குள் பொடிப்பொடித் துளிகளாக உருண்டு வரும். துளிக்குள் கிருமி செத்தால் மாத்திரை போதும். பிழைத்தால் ஊசி. அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும்.

சில்லை எதில் செய்வது என்பதுதான் பெரிய தலைவலி. அக்ரிலிக் பிளாஸ்டிக் எங்கள் எண்ணெயில் விரிசல் விட்டது. கண்ணாடியில் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். உள்ளே பூச்சு கொடுக்காவிட்டால் துளியே உருளாது. சிலிக்கோன் ரப்பரை அச்சில் ஊற்றினால் போதும், துளிகள் அவ்வளவு அழகாக வரும். ரப்பரைத் தேர்ந்தெடுத்தேன். என் இடத்தில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

என்னுடன் வேலை பார்த்த அத்வீனே ஒருநாள் வந்து சொன்னான்: "அக்கா, ரப்பர் மருந்தக் குடிச்சிடுது. துளியில ஒண்ணுமே மிஞ்சல. அப்புறம் கிருமி எப்படிச் சாகும்?"

எனக்கு முன்பே தெரியும். "பாக்கலாம்" என்றேன். மாவட்ட ஆஸ்பத்திரிகள் எல்லாம் சில்லு கேட்டுக்கொண்டிருந்த நேரம். நிறுத்தினால் மறுபடி யார் நம்புவார்கள்? ஊசி போட்டுக்கொண்டவர்களும் குணமானார்கள்தானே.

பிறகு அவன் மனைவி ஜோவியா இருமிக்கொண்டு வந்தாள். பால் கடை வைத்திருப்பவள், வாய் ஓயாது. சில்லைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, என் புள்ள பால்புட்டி ரப்பர் மாதிரியே இருக்கு! இதுக்கா அத்தன வருஷம் வெளிநாட்டுல படிச்சீங்க?"

நானும் சிரித்தேன். அத்வீனே சிரிக்கவில்லை. "இவ சளிய மட்டும் கண்ணாடியில பாருங்கக்கா. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன்" என்றான். மனைவியின் மாதிரியைக் கணவன் தொடக்கூடாது என்பது ஆய்வக விதி. விதியை எழுதியவள் நான்.

ஒரு கண்ணாடிச் சில்லுக்குப் பூச்சு கொடுத்து, அதில்தான் முதலில் பார்த்தேன். கிருமி எல்லாம் செத்திருந்தது. பிறகு எழுந்து நடந்தேன், கை கழுவினேன், திரும்பவும் கழுவினேன். ரப்பரிலும் பார்த்தேன். உயிரோடு இருந்தது. ரப்பர் சொன்னதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண்ணாடிச் சில்லைக் குப்பையில் போட்டேன். அத்வீனே அதை எடுத்து வைத்திருந்தான் என்று இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது.

"கண்ணாடியிலதானேக்கா பாத்தீங்க?" என்று கேட்டான். "ஆமா தம்பி" என்றேன். அது பொய்யில்லை.

அவளுக்குக் கண்ணாடி காட்டிய முடிவைக் கொடுத்தால் ரப்பரின் தப்பு வெளியே வந்து, முன்பு ஊசி போட்டுக்கொண்ட அத்தனை பேரும் என் வாசலில் வந்து நிற்பார்கள். நிம்மதியாக இருந்த குடும்பங்களைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஜோவியாவின் இரண்டு காதும் போய்விட்டன. கடையில் இப்போது அவள் பேசுவதில்லை. வாடிக்கையாளர்கள் விரலைக் காட்டிப் பால் வாங்குகிறார்கள்.

மன்னிப்புக் கேட்டீர்களா என்கிறீர்கள். கேட்டேன், ஐயா. கடைக்கே போனேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.