சீர்ப்பாத்திரத்துக்கு வடிகால்

கொடைக்கானலில் துவைத்த துணி காய்வதற்குள் அடுத்தது அழுக்காகிவிடும். தொட்டி மண்ணும் அப்படித்தான், மேடம். மேலே காய்ந்தாற்போல இருக்கும். விரலை விட்டால் உள்ளே சகதி. தண்ணீர் வடியாவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். நான் படித்தது தாவரவியல். எங்கள் வீட்டில் முதல் பட்டம்.

லாட்ஜில் செடிகளைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தவர் அதன் முதலாளி சிவபாக்கியம் அம்மா. "செடி செத்துச்சுன்னா ஒன் சோலியும் முடிஞ்சுச்சு தாயி" என்றார். நியாயம்தான். ஆனால் அவர் பழனிக்காரர். முருகனுக்குப் போலவே செடிக்கும் தினம் குடங்குடமாக அபிஷேகம். செடிகள் இருந்ததோ அவருக்குச் சீராக வந்த பித்தளை அண்டாக்களில். அடியில் துளை போடலாம் என்றேன்.

"ஓட்டப் பாத்திரம் வீட்டுக்கு ஆவாது. இதத்தான் காலேசுல சொல்லிக் குடுத்தாகளா?"

"வேர் அழுகும்னு சொல்லிக் குடுத்தாங்கம்மா."

"அப்ப மஞ்சத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். பிகோனியா முதலில் போனது. மற்றவை வாடின. தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் சேர்த்து ஊற்றினார். எல்லாம் அழுகியதும் என்னைக் கூப்பிட்டார்.

"ராசியில்லாத கையி. நாளையிலருந்து வராத. போறப்ப தாரணியோட சீர்ச்சாமானையெல்லாம் வெளக்கி வச்சுட்டுப் போ. படிச்ச படிப்புக்கு ஏத்த சோலி."

தாரணி அவர் மகள். மறுவாரம் கல்யாணம். கூடம் நிறையப் புதுப் பாத்திரங்கள். துலக்கும்போது யோசித்தேன். அம்மா வழியில் மகளும் ஒருநாள் இவற்றில் செடி வைப்பாள். வேரழுகலுக்கு மருந்து கிடையாது, மேடம். தடுப்பு மட்டும்தான். ஸ்டோர் ரூமில் டிரில்லிங் மெஷின் இருந்தது.

அண்டா, குடம், பால் பாத்திரம், சாம்பார் வாளி, டம்ளர் எல்லாவற்றுக்கும் அடியில் துளை போட்டேன். குக்கருக்கும் போட்டேன். இட்லித் தட்டை விட்டுவிட்டேன். அதில் ஏற்கெனவே துளை இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் பால் காய்ச்சும்போது அடுப்பு அணைந்ததாகச் சொன்னீர்கள். சம்பந்தி மடியில் சாம்பார் இறங்கியதையும் சொன்னீர்கள். வடிகால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள், மேடம். கோபக்காரியாக இருந்தால், ஒவ்வொரு துளையின் விளிம்பையும் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பேனா?