சுறா எண்ணெய் ஊற்றிய கார்

யுத்த காலம். சாலைக் கடைத்தெருவில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருந்தேன். வரிசையில் நிற்கிறவன் காதை எங்கே கழற்றி வைப்பது? முன்னால் நின்ற காக்கிச் சட்டை டிரைவர், பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, காரு தானா கடல் பக்கம் உருளுது. நாளைக்கு முதலாளி பிள்ளைகளை அதுல ஏத்தணும்."

"கியர் பெட்டியில என்ன எண்ணெய்வே விட்டீரு?"

"கியர் ஆயில் எங்கயும் கிடைக்கலை. முதலாளி விழிஞ்ஞம் கடற்கரையிலேந்து சுறா ஈரல் எண்ணெய் கொண்டாந்தாரு. கியர் பெட்டி, பின் அச்சு டிஃபரன்ஷியல் ரெண்டுலயும் அதைத்தான் ஊத்தினேன்."

"இப்ப பலரும் அதைத்தானே ஊத்துதாங்க. அதுக்கென்ன?"

"அந்தச் சுறாவை அறுத்தப்போ வயித்துக்குள்ள ஒரு ஆளோட வெள்ளி அரைஞாண் கிடந்துதாம். எனக்குப் பொறவுதான் தெரியும்."

மெக்கானிக் டிரைவர் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வண்டியை ஓட்டி, எண்ணெய் சூடா இருக்கும்போதே வடிச்சிரும். உள்ள கழுவிட்டு விளக்கெண்ணெய் ஊத்தும்."

"நேத்தே செய்தாச்சு. வடிச்சதைக் கடல்லயே கொண்டு கொட்டினேன்."

"அப்போ சரியாயிருக்குமே."

"இன்னைக்கும் சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டுத்தான் வந்தேன்."

"உங்க ஷெட்டுத் தரை கிழக்கால சரிவுல்லா? கல்லு வைக்கத்தான் வேணும்."

"சரிவு கிழக்காலதான் அண்ணாச்சி. கல்லை மேற்கால, மேட்டுப் பக்கம் வச்சிருக்கேன். கடல் அங்கல்லா இருக்கு."

வரிசை நகர்ந்தது. அவர்கள் இருவரும் நகரவில்லை.