ஒரே பீஸ் துணி

தேனியில் பெருநாள் துணி எடுத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் திரும்பிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில்.

“எங்க அத்தா ஒரு பெருநாளைக்கு வேற வீட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டாக,” என்றாள் பெரியவள்.

“எப்படிக்கா?”

“இன்னைக்கு நாலு மாடி ஏறுனோமே, ஒரு துணி மாதிரி இன்னொரு துணி உண்டா? அப்ப ஊருக்கு ஒரே கடை. ஒரே பீஸ்ல வீட்டுல எல்லாப் பிள்ளைக்கும் தைப்பாக. அதே பீஸ பக்கத்துத் தெருவுலயும் எடுத்திருக்காக. பள்ளிவாசல் கூட்டத்துல எங்க அத்தா சட்டையப் பாத்தாக, மூஞ்சியப் பாக்கல. தன் மகன், எங்க அண்ணன்னு நெனச்சுத் தூக்கிட்டாக. வீட்டுல வந்து பாயசம் குடிச்சப்பறந்தான் தெரிஞ்சுச்சு.”

“ஒங்க அண்ணன்?”

“அண்ணன் அவுக வீட்டுல பாயசம் குடிச்சிட்டிருந்துச்சு.”

“அந்தப் பிள்ளை?”

பெரியவளுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“இன்னும் என்னயக் கொண்டுபோய் விடல.”